பிரெஞ்சு ஓபன் டென்னிஸில் எதிர்பாராதவர் மீது பந்தயமா?
மகளிர் பிரிவில் தேடுங்கள். ஓஸ்டாபென்கோ (2017), ஷ்வியான்டெக் (2020), கிரெஜிகோவா (2021) மூவருமே போட்டியின் முன்னணி வரிசையில் (சீட்) இடம்பெறாமல் கோப்பை வென்றவர்கள். ஆடவரில் 2004இல் காடியோவுக்குப் பிறகு அப்படி யாருமில்லை. ஐந்து செட் ஆட்டம் வலுவானவருக்கு மீண்டுவர நேரம் கொடுத்துவிடுகிறது.

யார் யாருடன் மோதுவார் என்ற பட்டியல் (டிரா) வெளியாகும்வரை பணம் கட்டாதீர்கள். அதன் கடினமான கால் பகுதியில் உங்கள் ஆள் சிக்கினால் 41 ஆட்ஸும் (1 யூரோ கட்டினால் 41 யூரோ திரும்பும் விகிதம்) வீண்தான். இதற்கு முன் நடக்கும் களிமண் தளப் போட்டிகளில், மாட்ரிட் உயரமான ஊர், பந்து வேகமாகப் பறக்கும். ரோம் முடிவுகளையே அதிகம் நம்புங்கள்.

ஈச்-வே (கோப்பை வெல்வதற்கு ஒரு பந்தயம், இறுதிப்போட்டியை எட்டுவதற்கு இன்னொன்று) என்றால் கட்டும் தொகை இரட்டிப்பாகும், பலர் தடுமாறுவது இங்கேதான். 41 ஆட்ஸில் 10+10 யூரோ கட்டி, அவர் இறுதிப்போட்டியில் தோற்றால், பாதி ஆட்ஸ் விதிப்படி 210 யூரோ (லாபம் 200, அந்தப் பந்தயத்தில் கட்டிய 10) திரும்பும். மூன்றில் ஒரு பங்கு என்றிருந்தால் குறையும்; விதியை முதலில் படியுங்கள். இழந்தாலும் பாதிக்காத தொகையை மட்டும் கட்டுங்கள்.