கழிவுநீரில் நைட்ரேட்டைக் குறைக்கும் பாக்டீரியா: ஐந்து லிட்டர் கேனில் செய்து பார்க்கலாம்

நைட்ரேட் நீரில் கரைந்தே கிடப்பதால் துணியிலோ மணலிலோ வடிகட்டினால் சிக்காது. கொதிக்க வைத்தால் நீர்தான் வற்றும், நைட்ரேட்டின் செறிவு கூடிவிடும். ஆனால் குளத்தடிச் சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள், ஆக்சிஜன் கிடைக்காதபோது நைட்ரேட்டை வைத்துச் சுவாசிக்கும். கடைசியில் மிஞ்சுவது நைட்ரஜன் வாயு. அது காற்றோடு போய்விடும்.

படி 1: அளவு பாருங்கள்

சோதனைப் பட்டையில் நைட்ரேட், நைட்ரைட் (நைட்ரேட் குறையும் வழியில் உண்டாவது) இரண்டும் இருக்கட்டும். பட்டை காட்டுவது முழு நைட்ரேட்டா, நைட்ரேட்-நைட்ரஜனா (நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனின் எடை மட்டும்) என்று டப்பாவில் பாருங்கள். இரண்டாவது என்றால் 4.43-ஆல் பெருக்கினால்தான் நைட்ரேட் அளவு வரும். இங்கே சறுக்கினால் அடுத்த கணக்கெல்லாம் நான்கு மடங்கு தப்பும். இன்னொன்று: இந்த முறை அம்மோனியாவை நீக்காது. அதைக் காற்றூட்டி நைட்ரேட்டாக மாற்றிய பிறகே இங்கு வர வேண்டும்.

படி 2: சேறு

கேனில் ஊற்றும் ஐந்து லிட்டர் கழிவுநீருக்கு ஒரு டம்ளர் குளத்துச் சேறு போதும். கையுறை கட்டாயம். பாக்டீரியா பொடி வாங்கத் தேவையில்லை என்பது என் கருத்து. வேண்டியவை சேற்றிலேயே இருக்கின்றன.

படி 3: தீனி

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். இந்த பாக்டீரியாக்களுக்குக் கரிமத் தீனி, அதாவது கார்பன் உள்ள உணவு வேண்டும். மெத்தனாலும் தீனியாகும், ஆனால் அது நச்சு, எளிதில் தீப்பற்றும். பழகுபவர்களுக்குச் சோடியம் அசிடேட்தான் நல்லது. லிட்டருக்கு 100 மி.கி. நைட்ரேட் இருந்தால், படிக வடிவ (டிரைஹைட்ரேட்) சோடியம் அசிடேட் லிட்டருக்குச் சுமார் கால் கிராம். ஐந்து லிட்டருக்கு 1.2 கிராம். நைட்ரேட் பாதி என்றால் தீனியும் பாதி.

படி 4: காற்றை உள்ளே விடாதீர்கள்

முதல் தடவை, உயிருள்ளதாயிற்றே என்று மீன்தொட்டிக் காற்று பம்பைப் போட்டுவிட்டேன். ஒரு வாரமாகியும் நைட்ரேட் இறங்கவேயில்லை. ஆக்சிஜன் கையில் இருக்கும்போது நைட்ரேட்டை எது சீண்டும்? கேனைக் கழுத்துவரை நிரப்பி, மூடியில் துளையிட்டு ஒரு குழாயைச் செருகி, அதன் மறுமுனையை வேறொரு பாத்திரத்து நீரில் அமிழ்த்துங்கள். வாயு வெளியேறும், காற்று உள்ளே வராது. இறுக்கி மூடிவிடாதீர்கள், அழுத்தம் ஏறும்.

20 முதல் 30 டிகிரி செல்சியஸ், பிஎச் 7-8 இருந்தால் நல்லது. தினம் ஒருமுறை கேனை மெல்லச் சாய்த்துக் கலக்கிவிடுங்கள்.

படி 5: நைட்ரைட்டைக் கவனியுங்கள்

நைட்ரேட் குறையும்போது நடுவில் நைட்ரைட் ஏறலாம். பயப்பட வேண்டாம், அது இடைப்படி. ஆனால் நைட்ரேட் தீர்ந்ததும் நிறுத்திவிடாதீர்கள். நைட்ரைட் அதைவிட நச்சு. இரண்டும் இறங்கும்வரை பொறுங்கள். நைட்ரைட் இறங்காமல் நின்றால், பெரும்பாலும் தீனி போதவில்லை. சிட்டிகை அசிடேட் சேர்த்துப் பாருங்கள்.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் நேர்மாறு: நைட்ரேட் தீர்ந்துவிட்டது, தீனி மிஞ்சிக் கிடக்கிறது. வேறு பாக்டீரியாக்கள் நீரிலுள்ள சல்பேட்டை வைத்துச் சுவாசிக்கத் தொடங்கிவிட்டன, நாற்றம் அதனால்தான். கேனைக் காற்றோட்டமான இடத்தில் திறந்து, அடுத்த சுற்றில் தீனியைக் குறையுங்கள்.

முடிந்ததும் மேல்நீரை மட்டும் இறுத்துவிடுங்கள். அது குடிநீர் அல்ல, கிருமிகள் அப்படியே இருக்கும். அடிச்சேற்றைக் கொட்டாதீர்கள். அதில் பாக்டீரியா பெருகியிருப்பதால் இரண்டாவது கேன் முதலாவதைவிடச் சீக்கிரம் முடியும்.