தூண்டிலை எடுக்கும் முன் வரைபடத்தைப் பாருங்கள்

பறவைக் காய்ச்சல் பரவும் நாட்களில் மீன்பிடிக்கக் கிளம்பும் முன், கால்நடைத் துறையின் கட்டுப்பாட்டு மண்டலத்துக்குள் அந்த ஏரி வருகிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். ஏரி நிர்வாகத்துக்கும் ஒரு போன் செய்துவிடுங்கள். வீண் பயணம் மிச்சம். நோய் கண்ட பண்ணையைச் சுற்றி (ஐரோப்பிய நாடுகளில் 3 கி.மீ., 10 கி.மீ. சுற்றளவு தூரத்துக்கு இரண்டு வட்டங்களாக) மண்டலம் வகுத்தாலும், எந்தக் கரை மூடியிருக்கும் என்பது இடத்துக்கு இடம் மாறும். கரையை மூடுவதற்குக் காரணம் மீன் அல்ல, நீர்ப்பறவைகளின் எச்சம். அதிலுள்ள வைரஸ் குளிர்ந்த நீரிலும் ஈரச் சேற்றிலும் வெகுநாள் தாங்கும். பூட்ஸின் அடிப்பள்ளங்களிலும் ஈர வலையிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த குளத்துக்குப் போய்விடும். ஆகவே திறந்திருக்கும் கரையிலும் சேற்றைத் தேய்த்துக் கழுவி, வலையை முழுக்கக் காயவைத்துவிட்டே கிளம்புங்கள்.

கரையில் பறவைகள் செத்துக் கிடந்தால் வரைபடத்தை நம்பாதீர்கள். அறிவிப்பு வருவதற்கு முன்பே நோய் வந்திருக்கலாம். எதையும் தொடாமல் திரும்பி, துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.