டேர்டெவில் இரண்டாவது எபிசோடைப் பார்க்கும் முறை

2015ல் வந்த டேர்டெவில் என்ற மார்வெல் சூப்பர்ஹீரோ தொடரின் முதல் சீசனில், இரண்டாவது எபிசோடை கடைசியில் கட்டடத்துக்குள் நடக்கும் அந்தப் பிரபலமான தாழ்வாரச் சண்டைக்காக மட்டும் பார்க்காதீர்கள். இரவில் லைட்டை அணைத்துவிட்டுப் போடுங்கள், படம் அவ்வளவு இருட்டு. கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிப் பக்கம் வீடு என்றால் பஸ் இரைச்சலில் பாதி கேட்காது, அதனால் ஹெட்போன் கட்டாயம். கண் தெரியாத ஹீரோ மெட் உலகத்தை அறிவதே பெரும்பாலும் சத்தத்தால்தான். அப்பா ஜாக்கின் குத்துச்சண்டைக் கதையை ஓட்டிவிடாதீர்கள். தோற்பதாகப் பேசி வைத்த மனுசன் மகனுக்காக விழாமல் நிற்கிறார், அது மனதில் இருந்தால்தான் கடைசியில் மெட் களைத்துச் சுவரில் சாய்ந்து மறுபடி நிமிர்வது நெஞ்சைத் தொடும். சண்டை தொடங்கியதும் கேமராவைக் கவனியுங்கள்: காட்சியை வெட்டி ஒட்டிய இடமே தெரியாது, அறைக்குள் நடக்கும் அடி காதில் மட்டும் விழும். சரி, அப்புறம் ரீவைண்ட் பண்ணி இன்னொரு தரம் பாருங்கள்.