பனிக்கு முன்னாடி பறிச்ச பூசணிய வீட்டுக்குள்ள பழுக்க வைக்கிறது எப்படி

டிசம்பர் பொறந்துட்டா ஊட்டி பக்கம் தோட்டம் வச்சிருக்கவங்க சாயங்காலம் வானத்த ஒரு தடவ பாத்துடுங்க. மேகம் இல்லாம நட்சத்திரம் பளிச்சுனு தெரியுது, காத்தும் நின்னு போச்சுன்னா விடியக்காலைல உறைபனி விழ நிறைய வாய்ப்பிருக்கு, அதுவும் காந்தல், தலைக்குந்தா மாதிரி பள்ளமான எடத்துல சொல்லவே வேணாம். கொடி கருகினா பரவால்ல, ஆனா காய் மேல உறைபனி பட்டுச்சுன்னா அது எத்தன நாள் வச்சாலும் பழுக்காது, அழுகத்தான் செய்யும். அதனால மஞ்சப்பூசணி, பட்டர்நட் (சுரைக்கா மாதிரி நீளமா இருக்க ஒரு வகை பூசணி) எதுவா இருந்தாலும் அரைகுறையா இருந்தாலும் முன்னாடியே பறிச்சிடுங்க.

எல்லா காயும் பழுக்காது. நகத்தால அழுத்தி பாருங்க, சுலபமா உள்ள எறங்குதுன்னா பிஞ்சு, அத அன்னைக்கே கூட்டு வச்சிடலாம். தோல் கெட்டியாகி அங்கங்க நிறம் ஏற ஆரம்பிச்சிருந்தா, மண்ணுல படுத்திருந்த அடிப்பக்கம் வெள்ளை மாறி மஞ்சளா ஆகியிருந்தா அது கண்டிப்பா தேறும். பட்டர்நட்ல காம்பு பக்கத்துல இருக்க பச்ச கோடும் வீட்டுக்குள்ள மெதுவா மறஞ்சிடும்.

பறிக்கிறப்போ முறுக்கி இழுக்காதீங்க, கத்தியால ரெண்டு மூணு இஞ்ச் காம்பு விட்டு வெட்டுங்க, காம்ப பிடிச்சு தூக்கவும் கூடாது. காம்பு பிஞ்ச எடம் வழியாத்தான் அழுகல் உள்ள போகும், தோல்ல விழுற கீறலும் அப்படித்தான். மண்ண ஈரத்துணியால தொடச்சு நல்லா காய விடுங்க.

இப்ப முக்கியமான விஷயம், சூடு. முதல் 10 நாளுக்கு 27லேருந்து 29 டிகிரி வேணும், தோல் இறுகி சின்ன சின்ன கீறல் எல்லாம் ஆறுறது அப்பத்தான். நம்ம ஊர் வெயில் பகல்லயே 20க்கு மேல ஏறுறது கஷ்டம், சோ வெளிய வராண்டால வச்சா வேலைக்காகாது. பாலிஹவுஸ் (பிளாஸ்டிக் ஷீட் போட்ட செடிக்குடில்) இருந்தா அங்க வைங்க, இல்லன்னா விறகடுப்பு எரியுற சமையல்கட்டு பரண் ரொம்ப நல்லது, தெக்கு பாத்த கண்ணாடி ஜன்னல் கூட ஓகே. ஒன்னு மேல ஒன்னு அடுக்காம, அடியில சாக்கோ பலகையோ போட்டு, பச்சையா இருக்க பக்கத்த வெளிச்சத்துக்கு காட்டி ரெண்டு நாளைக்கு ஒரு தடவ திருப்பி விடுங்க. சிமெண்ட் தரைல நேரா வைக்கவே வைக்காதீங்க, ஈரம் கீழேருந்து ஏறும்.

நிறம் வந்ததும் ஒடனே வெட்டிடாதீங்க ப்ளீஸ். பறிச்ச புதுசுல உள்ள மாவுச்சத்து தான் அதிகம், அது கொஞ்சம் கொஞ்சமா சர்க்கரையா மாறணும், பட்டர்நட்டுக்கு ஒரு மாசமாவது குடுத்தா ருசியே வேற, சதையோட ஆரஞ்சு நிறமும் கூடும். இந்த சமயத்துல 10லேருந்து 13 டிகிரி போதும். கோத்தகிரி, குன்னூர்ல ஒரு காத்தோட்டமான ரூம்லயே சரியா வரும், ஊட்டில ஜனவரி ராத்திரி வீட்டுக்குள்ளயே அதுக்கு கீழ எறங்கிடும், அப்போ சமையல்கட்டுலயே விட்டுடுங்க. ஃப்ரிட்ஜ்ல முழுக்காய வைக்காதீங்க, 10க்கு கீழ நாள்கணக்கா இருந்தா தோல்ல குழி விழுந்து கெட்டுடும். பேரிக்காய், ஆப்பிள் கூடை பக்கத்துலயும் வேணாம், அதுலேருந்து வர்ற எத்திலின் வாயு பூசணியோட ஆயுச கொறைச்சிடும்.

வாரத்துக்கு ஒரு தடவ காம்பு சுத்தி தொட்டு பாருங்க. மெத்துனு இருக்கறத தனியா எடுத்துடுங்க, கீறல் விழுந்தது, காம்பு ஒடஞ்சது எல்லாத்தையும் முதல்ல சமைச்சிடுங்க. முழுசா கெட்டியா இருக்க பட்டர்நட் ரெண்டு மூணு மாசம் தாராளமா நிக்கும்.