மீன்வள அறிக்கைகளில் அகராதிக்குள் அடங்காத சொற்கள்: கண்டுபிடிப்பது எப்படி?

மண்டபம், பாம்பன், தொண்டி பக்கம் மீனவர் சங்கத்துக்கு வரும் ஆங்கில அறிக்கைகளைப் படித்துச் சொல்லும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறதா? ஆங்கிலம் தெரிந்தவரும் திணறுவது ஆங்கிலமே அல்லாத சொற்களில்தான். எடுத்த எடுப்பில் கூகுள் மொழிபெயர்ப்பில் போடாதீர்கள். தெரியாத சொல்லுக்கும் அது ஏதோ ஒரு பதிலைத் தந்துவிடும்.

முதலில் சொல்லின் தோற்றத்தைப் பாருங்கள். எல்லாமே பெரிய எழுத்து என்றால் சுருக்கப்பெயர்; அறிக்கையில் அது முதன்முதலாக வரும் இடத்தில் பெரும்பாலும் விரிவு இருக்கும். சாய்வெழுத்தில் இரண்டு சொல், முதல் சொல் மட்டும் பெரிய எழுத்தில் தொடங்கினால் அறிவியல் பெயர். அதை மரைன்ஸ்பீசீஸ் டாட் ஆர்க் தளத்தில் தேடுங்கள். பழைய பெயரைப் போட்டாலும் இப்போது ஏற்கப்பட்ட பெயரைக் காட்டும். பழைய தாளில் ‘யூகிமா அல்வரேசி’, புதிய தாளில் ‘கப்பாபைகஸ் அல்வரேசி’ என்றிருந்தால் இரண்டும் ஒரே பாசிதான்.

‘பெஷ் டு மேர்’ என்றால் உலர்த்திய கடல் அட்டை. இதைப் பொதுவாக ‘கடல் பொருள்’ என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். கடல் அட்டை பிடிப்பதற்கு 2001 முதல் தடை இருக்கிறது.

ஆளை மாட்டிவிடுவது, நம்ம ஊர்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கும் இடம். ல, ள, ழ வேறுபாடும் குறில் நெடிலும் அங்கே காணாமல் போய்விடும். வி-ஏ-எல்-ஏ-ஐ என்று வந்தால் அது வலையா, வாளையா, வளையா? இப்படிச் செய்யுங்கள்:

1. வரக்கூடிய எல்லாத் தமிழ் வடிவங்களையும் தாளில் எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.
2. பக்கத்தில் இருக்கும் அளவைப் பாருங்கள். மில்லிமீட்டரில் கண்ணளவு இருந்தால் வலை. கிலோ, டன் கணக்கில் பிடிப்பு இருந்தால் வாளை மீன். பாதிச் சிக்கல் இதிலேயே தீர்ந்துவிடும்.
3. பாறை, பார் இரண்டையும் பிரித்துப் பாருங்கள். முன்னது மீன், பின்னது கடலடிப் பாறைத்திட்டு. பார் என்றால் பெரும்பாலும் ஆழமோ முத்துச்சிப்பியோ கூடவே பேசப்படும்.
4. மீன் என்று உறுதியானால் ஃபிஷ்பேஸ் தளத்தில் பொதுப்பெயர்த் தேடலில் போட்டு, அறிவியல் பெயரைப் பிடியுங்கள். ஒரு எழுத்துக்கூட்டில் கிடைக்காவிட்டால் நெடிலுக்கு இரட்டை எழுத்துப் போட்டு மறுபடி தேடுங்கள்.

தளம் சொன்னதை அப்படியே நம்பிவிட வேண்டாம். ‘சீலா’ ஓரிடத்தில் வஞ்சிரம், இன்னோரிடத்தில் ஊளி. ஃபிஷ்பேஸ் தரும் படத்தைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு ஏலக்கூடத்தில் ஒரு வியாபாரியிடமோ சம்மாட்டியிடமோ (படகு உரிமையாளர்) காட்டிக் கேளுங்கள். பெயரைச் சொல்லிக் கேட்டால் அவரவர் ஊர் வழக்கில்தான் பதில் வரும்.

குறித்து வைக்க எக்செல் தேவையில்லை. நாற்பது பக்க நோட்டு போதும். அறிக்கையில் உள்ளபடி எழுத்துக்கூட்டு, தமிழ்ச் சொல், அறிவியல் பெயர், பக்க எண் என நான்கு பத்தி. அறிக்கையின் எழுத்துக்கூட்டைத் திருத்தாமல் எழுதுங்கள். திருத்திவிட்டால் அடுத்த முறை தேடும்போது சிக்காது.

பின்சேர்க்கை: ஸ்கேன் செய்த பழைய பிடிஎஃப் கோப்பில், கண்ணுக்குத் தெரியும் சொல்கூடத் தேடலில் வராமல் போகலாம். ‘ஆர்’, ‘என்’ இரண்டும் ஒட்டி ‘எம்’ ஆகப் பதிவாகியிருக்கும். சொல்லின் நடுவில் உள்ள மூன்று நான்கு எழுத்தை மட்டும் போட்டுத் தேடுங்கள்.