வீட்டில் கட்டும் காருக்கு ரேடியேட்டர் ஹோஸ்: கடைக்குப் போகும் முன் ஒரு கம்பியை வளையுங்கள்

கிட் கார், அதாவது பாகங்களைச் சேர்த்து வீட்டிலேயே கட்டும் கார், செய்பவர்களின் கராஜில் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். சேஸிஸில் இன்ஜின் இன்னும் உட்கார்ந்திருக்காது. ஆனால் இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தண்ணீரைக் கொண்டுபோகும் ஹோஸ், பளபளவென்று நீல நிற சிலிக்கானில், அலமாரியில் நான்கைந்து தயாராக இருக்கும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அன்று ஆசையாக வாங்கிய நான்கில் மூன்று இன்றுவரை எந்தக் காரிலும் ஏறவில்லை. ஒன்று நீளம் போதவில்லை, ஒன்று வளைவு தப்பு, இன்னொன்றின் உள்விட்டமே வேறு.

கம்பெனியில் செய்த காருக்கு இந்தத் தலைவலி கிடையாது. அந்த இன்ஜினுக்கும் அந்த ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் இடத்துக்கென்றே அச்சில் வார்த்த ஹோஸ் இருக்கும். பார்ட் நம்பரைச் சொன்னால் கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார். கிட் காரில் இன்ஜின் ஒரு காரிலிருந்து வரும், ரேடியேட்டர் வேறொரு காரிலிருந்து வரும், சேஸிஸ் நீங்கள் வெல்டு செய்தது. உங்கள் ஹோஸுக்குப் பார்ட் நம்பர் உலகத்திலேயே இல்லை. அதனால் அளவெடுத்துத்தான் ஆக வேண்டும்.

நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம், பிரிட்டனில் பலர் கட்டும் வகை: 1957-இல் வந்த லோட்டஸ் செவன் என்ற ஸ்போர்ட்ஸ் காரின் பாணியில் தாழ்வான மூக்கு, திறந்த சக்கரங்கள், அதற்குள் ஒரு பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 இன்ஜின். உங்கள் இன்ஜின் வேறாக இருந்தாலும் முறை இதேதான்.

முதலில் அசையாதவற்றை முடிவு செய்யுங்கள்

ஹோஸைத் தொடுவதற்கு முன் நான்கு பொருட்கள் அதனதன் இறுதி இடத்தில் இருக்க வேண்டும்: ரப்பர் மவுண்டில் உட்கார்ந்த இன்ஜின், ரேடியேட்டரும் அதன் ஃபேனும், சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் தரும் எக்ஸ்பான்ஷன் டாங்க், இன்ஜினின் புகையை வெளியே கொண்டுபோகும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டு. ஸ்டியரிங் கம்பியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேனிஃபோல்டு வருவதற்கு முன் ஹோஸை மாட்டிவிட்டு, பிறகு அது சிவக்கச் சூடாகும் குழாயிலிருந்து விரல் அகலத்தில் நிற்பதைப் பார்த்துத் திகைத்தவர்கள் உண்டு. குறைந்தது 50 மி.மீ. இடைவெளி வேண்டும். அது முடியாத இடத்தில் வெப்பத் தடுப்பு உறை போடுங்கள்.

எக்ஸ்பான்ஷன் டாங்க் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். செவன் வகைக் கார்களின் மூக்கு தாழ்வானது. ரேடியேட்டரின் உச்சி, இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டைவிடக் கீழே போய்விடும். சாதாரணக் காரில் காற்று தானாக ரேடியேட்டர் மூடிக்கு ஏறும். இங்கே அது ஹெட்டிலேயே தங்கிவிடும். அதனால் மூடியுள்ள டாங்கை மொத்த அமைப்பிலும் உயரமான இடத்தில், வழக்கமாக இன்ஜினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவில் உள்ள தடுப்பான ஃபயர்வாலில், பொருத்துவார்கள். ரேடியேட்டர் உச்சியிலிருந்தும் ஹெட்டிலிருந்தும் சிறு குழாய்கள் அங்கே போகும். அதற்கு 8 மி.மீ. ஹோஸ் போதும்.

முனைகளை அளப்பது

ஹோஸின் உள்விட்டமும், இன்ஜினிலும் ரேடியேட்டரிலும் அது ஏறும் குழாய் முனையின் வெளிவிட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். அதிகம் பார்க்கக்கூடியவை 32, 35, 38 மி.மீ. விட்டம் அளக்கும் வெர்னியர் கருவி இருந்தால் சரி. இல்லாவிட்டால் ஒரு காகிதத் துண்டை முனையைச் சுற்றி இறுக்கி, ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு, பிரித்து நீளத்தை அளந்து 3.14-ஆல் வகுங்கள். 100 மி.மீ. வந்தால் அது 32 முனை. 119 வந்தால் 38. முனையின் ஓரத்தில் வளையம்போல் ஒரு சிறு மேடு இருக்கும். அதன்மேல் சுற்றாமல் அதற்குப் பின்னால் சுற்றி அளக்க வேண்டும்.

இன்ஜின் பக்கம் 38, ரேடியேட்டர் பக்கம் 32 என்று வந்தால் பயப்பட வேண்டாம். இரண்டு முனையும் வெவ்வேறு அளவில் உள்ள ரெடியூசர் ஹோஸ் கிடைக்கிறது. ஆனால் 38 முனையில் 32 ஹோஸை இழுத்து ஏற்றாதீர்கள். ரப்பர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், சிலிக்கான் கிழியும். பெரிய ஹோஸைச் சின்ன முனையில் போட்டு கிளிப்பால் நசுக்குவதும் ஆகாது. சுருங்கிய ரப்பரில் மடிப்பு விழும், அந்த மடிப்பு வழியாகச் சொட்டும். வழியில் எங்காவது 32 வந்தால் தண்ணீர் போகும் பரப்பு 38-ஐவிட ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். ஒரு குறுகிய இடம் பரவாயில்லை. வழி நெடுக அப்படி என்றால் யோசிக்க வேண்டும்.

கம்பி

இதுதான் இந்த வேலையின் உயிர். 3 மி.மீ. வெல்டிங் கம்பி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், துணி மாட்டும் ஹேங்கர் கம்பிகூடப் போதும். ஒரு முனையை இன்ஜின் முனையின் நடுவில் பிடித்து, ஹோஸின் நடுக்கோடு எப்படிப் போக வேண்டுமோ அப்படியே வளைத்துக்கொண்டு ரேடியேட்டர் முனைவரை வாருங்கள். கம்பி மெலிசாக இருப்பதால் எல்லாச் சந்திலும் புகுந்துவிடும், அதை நம்பி ஏமாந்துவிடாதீர்கள். 38 ஹோஸின் வெளிவிட்டம் 48 மி.மீ. அளவுக்கு வரும். வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் நுரைக் குழாயை அதே பருமனில் வாங்கிக் கம்பியில் கோத்துப் பாருங்கள். எங்கே இடிக்கிறது, எங்கே ஃபேன் பெல்ட்டை உரசுகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

வழி பார்க்கும்போது ஒரு விதி: மேல் ஹோஸ், அதாவது இன்ஜினிலிருந்து சூடான தண்ணீரை ரேடியேட்டருக்குக் கொண்டுபோவது, ஒரே சீராக ஏற வேண்டும், அல்லது ஒரே சீராக இறங்க வேண்டும். நடுவில் ஒட்டக முதுகு கூடாது, அங்கே காற்று சிக்கிக்கொள்ளும். என் காரில் ஸ்டியரிங்கைத் தாண்டுவதற்காக ஹோஸை ஒரு சாண் தூக்கிவிட்டேன். முதல் முறை ஸ்டார்ட் செய்தபோது வெப்பமானி முள் 70-இல் அப்படியே நின்றது. என்ன அழகாகக் குளிர்கிறது என்று பெருமையாக இருந்தது. ஹீட்டரில் கை வைத்தால் குளிர்ந்த காற்று. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அடுத்த நிமிடம் டாங்க் மூடி வழியாகக் கொதிநீர் சீறிக்கொண்டு வெளியே வந்தது. சென்சார் காற்றுக்குள் உட்கார்ந்திருந்தது, தண்ணீரைத் தொடவே இல்லை. முள் பொய் சொல்லவில்லை, காற்றின் சூட்டைச் சொன்னது.

இன்ஜின் ரப்பர் மவுண்டில் ஆடும், ரேடியேட்டர் ஆடாது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் ஒரு பக்கம் சாய்வதை நீங்களே பார்க்கலாம். எனவே ஹோஸ் விறைப்பாக இழுபட்டு நிற்கக் கூடாது. எல்லாப் பக்கமும் 15 முதல் 20 மி.மீ. அசைய இடம் விடுங்கள்.

எம்எக்ஸ்-5 இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கிளைக்கதை. இந்த இன்ஜின் குடும்பம் மாஸ்டா 323-இல் குறுக்குவாட்டில் இருந்தது. எம்எக்ஸ்-5-க்காக நீளவாக்கில் திருப்பியபோது, பின்பக்கம் இடமில்லாததால் தண்ணீர் வெளியேறும் வழியை ஹெட்டின் முன்பக்கத்துக்கு மாற்றினார்கள். பம்பும் முன்னால், வெளிவழியும் முன்னால் என்றால் கடைசி சிலிண்டருக்குக் குளிர்ச்சி குறைவு. அதனால் சிலர், தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டைப் பின்பக்கம் கொண்டுபோவார்கள். செய்வதாக இருந்தால் ஹோஸ் வாங்கும் முன்பே முடிவு செய்யுங்கள், மேல் ஹோஸின் நீளம் மொத்தமாக மாறிவிடும். சாதாரணமாகச் சாலையில் ஓட்டும் காருக்கு இது அவசியம் என்று நான் நினைக்கவில்லை.

ரப்பரா, சிலிக்கானா?

கறுப்பு ரேடியேட்டர் ஹோஸ் என்றால் அது இ.பி.டி.எம். ரப்பர், நடுவில் நூல் பின்னல். சுமார் 125 டிகிரிவரை தாங்கும். சிலிக்கான் 170-ஐத் தாண்டியும் தாங்கும். இதைக் கேட்டதும் சிலிக்கானே மேல் என்று தோன்றும். ஆனால் கணக்குப் பாருங்கள்: 1 பார் அழுத்தம்வரை அடைத்து வைக்கும் மூடி போட்டால் வெறும் தண்ணீரே ஏறக்குறைய 120 டிகிரியில்தான் கொதிக்கும். ஒழுங்காக ஓடும் இன்ஜினில் கூலன்ட், அதாவது உள்ளே ஓடும் குளிர்விக்கும் திரவம், 90 பக்கம் இருக்கும். ரப்பர் திணறும் சூட்டுக்கு உங்கள் கூலன்ட் போனால் பிரச்சினை ஹோஸில் இல்லை.

சிலிக்கானுக்குக் குறைகளும் உண்டு. நீராவி அதன் சுவர் வழியாக மெல்லக் கசியும். எங்கும் ஒழுகாமலேயே மாதாமாதம் டாங்கில் அளவு கொஞ்சம் இறங்கும். மென்மையானது என்பதால் சாதாரண கிளிப்பின் பற்கள் அதை அறுத்துவிடும். எண்ணெய், பெட்ரோல் படக்கூடாது. எண்ணெய் ரப்பருக்கும் ஆகாதுதான், ஊதிப்போகும். மறுபக்கம், சிலிக்கான் வயதானால் விறைத்து வெடிப்பதில்லை, எல்லா வளைவுகளிலும் கிடைக்கிறது, பார்க்கவும் அழகு. என் கட்சி கறுப்பு ரப்பர். அதில் கிடைக்காத வளைவுக்கு மட்டும் சிலிக்கான்.

வாங்கவே கூடாதது என்று ஒன்றைச் சொன்னால், அக்கார்டியன்போல் சுருக்கம் சுருக்கமாக இருக்கும் எப்படியும் வளையும் ஹோஸ். உள்ளேயும் அதே மேடு பள்ளம்தான், தண்ணீர் தட்டித் தட்டிப் போகும். கூர்மையாக வளைத்தால் மடங்கும். வழியில் அவசரத்துக்கு மாட்டி வீடு வந்து சேரலாம், அவ்வளவுதான்.

கம்பியோடு கடைக்கு

வளைத்த கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு உதிரிபாகக் கடைக்கோ பழைய கார் உடைக்கும் யார்டுக்கோ போங்கள். வேறு ஏதோ காரின் ஹோஸில் ஒரு பகுதி உங்கள் கம்பியோடு அப்படியே பொருந்தும். அதை வாங்கி வேண்டிய துண்டை வெட்டிக்கொள்ளலாம். யார்டில் வடிவத்தை மட்டும் பாருங்கள், அந்தக் காரின் பெயரைக் குறித்துக்கொண்டு ஹோஸைப் புதிதாக வாங்குங்கள். பழைய ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே முனைப் பக்கம் விரிசல் ஓடியிருக்கும். உலோகமும் கூலன்டும் ரப்பரும் சேர்ந்து மின்வேதி முறையில் உள்ளிருந்தே அரிக்கும் சங்கதி அது. கிளிப்புக்கு அருகில் விரலால் அமுக்கி, அதே ஹோஸின் நடுப்பகுதியையும் அமுக்கிப் பாருங்கள். முனை கொழகொழவென்று இருந்தால் அது முடிந்த கதை.

ஒரே ஹோஸில் முழு வழியும் அமையாவிட்டால் 90 அல்லது 45 டிகிரி எல்போக்களை (வளைந்த ஹோஸ் துண்டுகளை) அலுமினியக் குழாய்த் துண்டால் இணைக்கலாம். குழாயின் இரு முனையிலும் அந்த வளைய மேடு கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தம் ஏறும்போது ஹோஸ் வழுக்கிக் கழன்றுவிடும். நீளமான குழாயைச் சேஸிஸில் ரப்பர் வைத்த பிடிப்பானால் தாங்குங்கள். இணைப்பு கூடக் கூட ஒழுகும் இடமும் கூடும் என்பதால் துண்டுகளைக் குறைத்தே யோசியுங்கள்.

ரேடியேட்டரிலிருந்து இன்ஜினுக்குத் திரும்பும் கீழ் ஹோஸுக்குத் தனிக் கவனம் தேவை. பெரும்பாலான இன்ஜின்களில் அது வாட்டர் பம்பின் உறிஞ்சும் பக்கம். மெத்தென்ற ஹோஸாக இருந்தால் வேகம் ஏறும்போது ஸ்ட்ராவை உறிஞ்சினால் ஒட்டிக்கொள்வதுபோல் உள்ளே அமுங்கும். நின்றால் எல்லாம் சரியாக இருக்கும், நெடுஞ்சாலையில் மட்டும் சூடேறும். கெட்டியான ஹோஸோ, உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்பிரிங் வைத்ததோ வாங்குங்கள்.

கிளிப்

பிரிட்டனில் திருகு வைத்த கிளிப்பை எல்லோரும் ஜூபிலி கிளிப் என்றே சொல்வார்கள். கடற்படையில் இருந்த லம்லி ராபின்சன் 1921-இல் காப்புரிமை பெற்றது. ரப்பர் ஹோஸுக்கு இன்றும் நல்லது. பட்டையின் ஓரம் மழுங்கியதாக, ஸ்டெயின்லெஸ்ஸாக வாங்குங்கள். சிலிக்கானுக்கு உட்புறம் வழவழப்பான பட்டை உள்ள கிளிப்தான். கம்பெனிக் கார்களில் வரும் ஸ்பிரிங் கிளிப்பைப் பழசு என்று தூக்கி எறியாதீர்கள். சூட்டில் ஹோஸ் விரிந்தாலும் குளிரில் சுருங்கினாலும் அது கூடவே இறுக்கிக்கொண்டிருக்கும்.

வெட்டுவதும் மாட்டுவதும்

வெட்ட வேண்டிய இடத்தில் ஒரு கிளிப்பைச் சுற்றி இறுக்கி, அதன் ஓரத்தையே அளவுகோலாக வைத்துப் புதிய பிளேடால் சுற்றி வெட்டினால் வெட்டு நேராக வரும். முதலில் 10 மி.மீ. கூடுதலாகவே வெட்டுங்கள். முனையில் ஏற்ற கூலன்டையோ சோப்புத் தண்ணீரையோ தடவுங்கள், கிரீஸ் வேண்டாம். கிளிப்பை முதலிலேயே ஹோஸில் கோத்துவிடுங்கள், மாட்டிய பிறகு ஞாபகம் வந்து கழற்றாதவர் யாரும் இல்லை. முனையில் 30 மி.மீ. அளவுக்கு ஏறியதும் கிளிப்பை வளைய மேட்டுக்குப் பின்னால் வைத்து இறுக்குங்கள். மேட்டின் மேலேயே வைக்கக் கூடாது. கிளிப்பின் தலை ஸ்குரூடிரைவர் எட்டும் பக்கம் பார்த்திருக்கட்டும்.

நிரப்பிப் பார்ப்பது

ஹீட்டரைத் திறந்து வைத்து, டாங்கைத் திறந்து, தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்டை மெதுவாக ஊற்றுங்கள். ஊற்றும்போதே மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டால் குமிழிகள் டாங்குக்கு வரும். பிறகு ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டிருங்கள். வெகு நேரம் குளிர்ந்தே இருந்து, திடீரென்று சுடும். தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. கீழ் ஹோஸும் மெல்லச் சூடாக வேண்டும், ஹீட்டரில் சூடான காற்று வர வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் உள்ளே காற்று இருக்கிறது. இன்ஜினை நிறுத்தி முழுக்க ஆறவிட்டுத் திரும்ப நிரப்புங்கள், சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்காதீர்கள். தரையில் சிந்திய கூலன்டை உடனே துடைத்துவிடுங்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கும். அது கொல்லும் விஷம்.

ஒரு முறை சூடாகி ஆறியதும் ரப்பர் கொஞ்சம் அமுங்கியிருக்கும், திருகு கிளிப் எல்லாவற்றையும் இன்னொரு சுற்று பாருங்கள். முதல் 100 கி.மீ. ஓட்டிய பிறகு மறுபடியும். என் காரில் இரண்டு உபரி கிளிப்பும் ஒரு 7 மி.மீ. சாக்கெட் ஸ்குரூடிரைவரும் சீட்டுக்குப் பின்னால் எப்போதும் கிடக்கின்றன. அந்த மூன்று நீல ஹோஸ்களும் இன்னும் அலமாரியில்தான் இருக்கின்றன, யாருக்காவது 45 டிகிரியில் 35 மி.மீ. வேண்டுமென்றால் சொல்லுங்கள்.