ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு உடற்பயிற்சி: எங்கே தொடங்குவது, எப்படிக் கொண்டுபோவது

முதல் சில நாள் பயிற்சியே வேண்டாம், சும்மா பாருங்கள். குழந்தை சோபாவிலிருந்து திரும்பத் திரும்பக் குதிக்கிறதா, சுவரில் போய் இடிக்கிறதா, மெத்தைக்கு அடியில் நுழைந்து படுத்துக்கொள்கிறதா, ஒரே இடத்தில் சுற்றுகிறதா, இல்லை ஊஞ்சலைப் பார்த்தாலே அலறுகிறதா? எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த உடல் எதைத் தேடுகிறது, எதிலிருந்து ஓடுகிறது என்பது அதிலேயே இருக்கும். இணையத்திலிருந்து எடுத்த ரெடிமேட் அட்டவணை எதுவும் இதைச் சொல்லாது.

குதிப்பதும் இடிப்பதும் பல குழந்தைகளுக்கு மூட்டிலும் தசையிலும் அழுத்தம் தேடுகிற வேலை. சேட்டை என்று அடக்காமல் அதையே பயிற்சியாக்கிவிடலாம்: இரண்டு கையாலும் சுவரைத் தள்ளுவது, கூடை நிறையப் புத்தகம் போட்டு அறையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் இழுப்பது, கரடி மாதிரி நாலு காலில் நடப்பது. ஊஞ்சலும் சுற்றலும் கொஞ்சம் வேறு, அவை உள்காதில் இருக்கும் சமநிலை உணர்வைத் தூண்டுபவை. மெதுவாக முன்னும் பின்னும் ஆடினால் பெரும்பாலும் அமைதி வரும், வேகமாகச் சுற்றினால் சில குழந்தைகள் கட்டுக்கடங்காமல் போய்விடும், அதுவும் உடனே இல்லாமல் கொஞ்ச நேரம் கழித்து. அதனால் சுற்றலைத் தொடக்கத்திலேயே சேர்க்காதீர்கள்.

தொடங்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை. ஆட்டிசத்தோடு வலிப்பும் இருப்பது அரிதல்ல. அப்படியிருந்தால் ஏறும் விளையாட்டு, நீச்சல் இரண்டையும் கேட்டுத்தான் செய்ய வேண்டும். நுனிக்காலில் நடக்கும் குழந்தைக்குக் கெண்டைக்கால் இறுகியிருக்கலாம், பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை பார்க்கட்டும். டவுன் சிண்ட்ரோமும் சேர்ந்து இருந்தால், கழுத்தைப் பரிசோதிக்காமல் குட்டிக்கரணம் கூடவே கூடாது.

சரி, அட்டவணைக்கு வருவோம். நாலே நாலு அசைவு போதும். அதே நேரம், அதே இடம், அதே வரிசை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பட அட்டை. உங்கள் குழந்தையே அதைச் செய்யும் போட்டோவாக இருந்தால் இன்னும் நல்லது. அட்டைகளைச் சுவரில் வரிசையாக ஒட்டிவையுங்கள், ஒன்று முடிந்ததும் குழந்தையே அதை எடுத்து 'முடிந்தது' பெட்டியில் போடட்டும். கடைசி அட்டை அதற்கு ரொம்பப் பிடித்த ஒன்று.

'பத்து தடவை செய்' என்பது பல குழந்தைகளுக்குக் காற்றில் கரைந்துபோகிற வாக்கியம். எப்போது முடியும் என்று தெரியாததுதான் பாதிப் பிடிவாதத்துக்குக் காரணம் என்பது என் கருத்து. எண்ணிக்கையைக் கண்ணுக்குக் காட்டுங்கள்: இந்தக் கூடையில் ஐந்து மணல் பைகள், ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு நடந்து அந்தக் கூடையில் போட வேண்டும், இது காலியானால் முடிந்தது. குதிப்பதற்கும் இதே வழிதான், ஒரு குதி குதித்தால் ஒரு வளையத்தைக் கம்பில் மாட்டலாம்.

சொல்லிக்கொடுக்கும்போது பேச்சைக் குறையுங்கள். 'கண்ணா, இங்க வந்து இதைக் கொஞ்சம் தள்ளிக் காட்டு பார்ப்போம்' வேண்டாம், 'தள்ளு' போதும். சொன்னபின் மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள், உடனே இன்னொரு முறை சொன்னால் முதலில் சொன்னதும் குழம்பிவிடும். எதிரே நின்று காட்டினால் இடம் வலம் மாறும், பக்கத்தில் நின்று செய்து காட்டுங்கள். கை பிடித்து உதவ வேண்டியிருந்தால் தொடுவது அதற்குச் சம்மதமா என்று பார்த்துவிட்டுப் பிடியுங்கள், அப்புறம் மணிக்கட்டு, முழங்கை, வெறும் சைகை என்று உதவியைப் படிப்படியாகக் குறையுங்கள். பந்து பிடிக்க வரவில்லையா? உருட்டுவதிலிருந்து தொடங்கி, மெதுவாக இறங்கும் பலூன், பிறகு பெரிய மெத்தென்ற பந்து என்று போகலாம்.

எவ்வளவு நேரம்? 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் ஓரளவு வேகமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்னது, மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கும் அதே அளவைத்தான் சொல்கிறது. பயந்துவிடாதீர்கள், அது நாள் முழுக்கச் சேர்த்த கணக்கு. ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள், இன்னும் கேட்கும்போதே நிறுத்துங்கள். வேகமும் முக்கியம்: 1984ல் வந்த ஓர் ஆய்வில் லேசான பந்து விளையாட்டுக்குப் பிறகு பெரிய மாற்றம் இல்லை, ஓட்டத்துக்குப் பிறகு கையாட்டுவது போன்ற, திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகள் குறைந்தன. அதற்காகக் கையாட்டுவதை நிறுத்துவதையே குறிக்கோளாக வைக்காதீர்கள். கையாட்டினால் யாருக்கு என்ன நஷ்டம்?

தாகம், களைப்பு, சூடு இவை தனக்குள் ஏறுவது பல குழந்தைகளுக்குச் சரியாகத் தெரிவதில்லை. அதனால் 'தண்ணீர்' என்பதே நடுவில் ஓர் அட்டையாக இருக்கட்டும். காதைப் பொத்துவது, முகம் வெளுப்பது, காரணமில்லாமல் விடாமல் சிரிப்பது (இதைச் சந்தோஷம் என்று நினைத்து ஏமாறுவது சுலபம்) எல்லாம் போதும் என்கிற அடையாளங்கள். மெல்ட்டவுன் (தாங்க முடியாமல் கட்டுப்பாடு இழந்து அழுது அலறும் நிலை) வந்துவிட்டால் பேச்சையும் வெளிச்சத்தையும் குறையுங்கள், 'இதை மட்டும் முடித்துவிடு' என்று இழுக்காதீர்கள்.

குழு விளையாட்டு வந்தே ஆக வேண்டும் என்றில்லை. ஓட்டம், சைக்கிள், கராத்தேயின் மாறாத வரிசை அசைவுகள் எல்லாம் நன்றாகப் பொருந்தும். நீச்சலும்தான், ஆனால் தண்ணீரின் ஈர்ப்பில் சொல்லாமல் அதைத் தேடிப் போய் மூழ்குவது இந்தக் குழந்தைகளிடம் உண்மையான ஆபத்து. முதலில் மிதக்கவும் ஓரத்தைப் பிடித்து ஏறவும் பழக்குங்கள், நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

சலித்துப்போனதாகத் தெரிந்தால் ஒரே ஓர் அட்டையை மாற்றுங்கள், மற்ற மூன்றும் அப்படியே இருக்கட்டும். பள்ளியின் விளையாட்டு ஆசிரியரிடமும் இதே அட்டைகளின் நகல் ஒன்றைக் கொடுத்து, எந்தச் சொல்லுக்குக் குழந்தை அசைகிறது என்பதையும் அட்டையின் பின்புறம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.